பூம்பாறையில் ஓர் இரவு

அரபுமொழியில் கூடாரத்தைப் பற்றிய சொற்களை முப்பது ஆண்டுகளாக மாணவர்களுக்குப் பாடஞ் சொல்லி வந்தவன் நான். 8ஆம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மது அரபு யாப்பை வகுத்தபோது, அதற்கு வேண்டிய கலைச்சொற்களைப் பாலைவாசியின் கூடாரத்திலிருந்தே எடுத்துக்கொண்டார். செய்யுளுக்குப் பைத்து என்று பெயர். வீடு என்பது அதன் பொருள், பாலையில் வாழ்பவனுக்கோ கூடாரமே வீடு. பாதிச் செய்யுள் மிஸ்ராஉ; அது கதவின் ஒரு மடல். எழுத்துகள் சேர்ந்து அமையும் சிறு உறுப்புகளுக்கு ஸபபு என்றும் வதது என்றும் பெயரிட்டார். ஒன்று கயிறு, மற்றொன்று முளை. நம் வீட்டுக் கலியாணங்களில் பைத்துச் சொல்கிறோமே, அந்தச் சொல்லின் பிறப்பு இதுதான். தமிழ்யாப்பில் தளை உண்டு, தொடை உண்டு, அடி உண்டு. முளையும் கயிறும் இல்லை. நாம் மழையையும் வயலையும் நம்பி ஓரிடத்தில் இருந்தவர்கள்.

இவ்வளவையும் கரும்பலகையில் எழுதிக் காட்டத் தெரிந்த எனக்கு, ஒரு முளையை மண்ணில் எந்தச் சாய்வில் அடிக்க வேண்டும் என்பது ஐம்பத்தேழு வயதுவரை தெரியாது. அதை நான் கற்றுக்கொண்டது 2024 டிசம்பர் 28 அன்று, கொடைக்கானலுக்கு அப்பால் பூம்பாறையில். அன்றிரவு வேறொன்றையும் கற்றுக்கொண்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் மகள் திருச்சியில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. அரையாண்டு விடுமுறைக்குப் பிள்ளைகளை மலைக்கு அழைத்துச் சென்று கூடாரம் அடித்துத் தங்கப் போவதாகவும், நானும் அவள் தாயாரும் உடன் வரவேண்டும் என்றும் தொலைபேசியில் கேட்டாள். மூத்தவளுக்கு ஏழு வயது, இளையவனுக்கு நான்கு. மார்கழிக் குளிரில் குழந்தைகளை வெட்டவெளியில் படுக்க வைப்பது என்ன புத்தி என்று கேட்டேன். என் முழங்காலைக் காரணம் சொன்னேன். வீடு வாசல் உள்ளவர்கள் துணிக்குள் போய்ப் படுப்பானேன் என்றும் கேட்டேன். அவள் வாதாடவில்லை. "சரி, அத்தா" என்றாள்.

அந்தச் "சரி, அத்தா" என்னைத் தூங்கவிடவில்லை. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் கேட்ட அதே குரல் அது. 2005இல் அவள் எட்டாம் வகுப்பு. பள்ளியில் கொடைக்கானலுக்குச் சுற்றுலா ஏற்பாடு செய்து, பெற்றோர் கையொப்பத்துக்கு ஒரு தாள் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். நான் கையொப்பமிடவில்லை. பெண்பிள்ளைக்கு இதெல்லாம் தகாது என்று மார்க்கத்தைத் துணைக்கு அழைத்துச் சொல்லிவிட்டேன். உண்மைக் காரணங்கள் இரண்டு. கையில் பணமில்லை, வளைவுகள் நிறைந்த அந்தப் பாதையில் பேருந்துக்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்ற அச்சம். இரண்டையும் சொல்ல மானம் இடங்கொடாமல் மூன்றாவதொன்றைச் சொன்னேன். அவள் அழவில்லை. அந்தத் தாளை மடித்துக் கணக்குப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள். பல மாதங்கள் அது அங்கேயே கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலை நானே அழைத்து, வருகிறோம் என்றேன்.

திருச்சியிலிருந்து வந்த மருமகன் திண்டுக்கல்லில் எங்களை ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு வழியாக மலையேறினார். உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் உதகைக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் பெற வேண்டியிருந்ததால், அதை முன்கூட்டியே பதிந்து வைத்திருந்தார். வாழையும் காப்பியும் மிளகுக்கொடியும் தாண்டி மேலே போகப்போக இளையவன் இருமுறை வாந்தியெடுத்தான். மூத்தவள் வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்து, நாற்பதைத் தாண்டியதும் எண்ணிக்கையை மறந்து, முதலிலிருந்து தொடங்க வண்டியைத் திருப்பச் சொன்னாள்.

கொடைக்கானல் நகரத்தில் நாங்கள் நிற்கவில்லை. விடுமுறைக் கூட்டம் ஏரிக்கரையை மறைத்திருந்தது. அங்கிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் மேற்கே, மலைச்சரிவைப் படிபடியாக வெட்டி வயலாக்கியிருக்கும் ஊர் பூம்பாறை. உருளைக்கிழங்கும் கேரட்டும் பீன்சும் விளைகின்றன, பூண்டுதான் பேர்போனது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. என் மனைவி வந்த காரியத்தையே மறந்து பூண்டு விலை விசாரிக்கத் தொடங்கிவிட்டாள்.

காட்டுக்குள் நினைத்த இடத்தில் கூடாரம் அடிப்பது குற்றம். யானைக்கும் காட்டெருமைக்கும் உரிய இடத்தில் நாம் போய்ப் படுப்பது முறையுமன்று. மகளுடன் பணிபுரியும் ஆசிரியை ஒருவரின் தந்தைக்கு ஊரையொட்டிப் பட்டா நிலம் இருந்தது. அறுவடை முடிந்து வெறுமையாய்க் கிடந்த ஒரு படியை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். பக்கத்திலேயே அவருடைய தகரக் கொட்டகையும் தண்ணீர்த் தொட்டியும் இருந்தன.

கூடாரம் இரண்டு. மருமகன் கீழக்கரைக்காரர், அமைதியானவர், செய்முறைத் தாளைப் படித்துப் படித்துக் கம்பிகளைக் கோத்தார். முளைகள் மொத்தம் பதினாறு, விரல் பருமனில் இரும்புக் கம்பிகள். அவற்றை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு இளையவனுக்கு. ஒவ்வொன்றையும் நான் வாங்கி, வதது, வதது என்று சொல்லிச் சொல்லி அடிப்பேன். அவனும் அப்படியே சொல்வான். நபஃ அத்தியாயத்தில் மலைகளை முளைகள் என்று இறைவன் கூறியிருப்பதை மூத்தவளுக்கு எடுத்துச் சொல்லி, எதிரே நின்ற மலையையும் கையிலிருந்த முளையையும் காட்டினேன். அவள் இரண்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "அப்போ அதுல கயிறு எங்கே, நன்னா?" என்றாள். எனக்கு விடை கிடைக்கவில்லை.

நான் அடித்த முளைகள் எல்லாம் செங்குத்தாக நின்றன. நிலத்துக்காரப் பெரியவர் சற்றுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பாய், நேரா அடிச்சா ராத்திரிக் காத்து புடுங்கிரும். தலை வெளிப்பக்கமாச் சாயணும். ஆட்டுக்கு அடிக்கிற முளை மாதிரி" என்று சொல்லி, ஒரு கல்லால் இரண்டை அடித்துக் காட்டினார். கயிறு இழுக்கும் திசைக்கு எதிராக முளை சாய்ந்திருந்தால், இழுக்க இழுக்க மண் அதை இறுகப் பிடிக்குமாம். அத்தனையையும் பிடுங்கித் திரும்ப அடித்தோம்.

மஃரிபுக்கு ஒளுச் செய்யத் தொட்டித் தண்ணீரில் கைவைத்தபோது எலும்பு வரை குளிர்ந்தது. கதிரவன் மலைக்குப் பின்னால் எப்போதோ இறங்கிவிட்டதால், மேற்கு எது என்பதிலேயே பிள்ளைகளுக்கு வழக்கு வந்துவிட்டது. மருமகன் கைப்பேசியில் கிப்லாவைப் பார்த்துச் சொன்னார்; மேற்கிலிருந்து சற்று வடக்கே சாய்ந்த திசை. அவர் ஷாஃபி மத்ஹபினர். பயணத்தில் மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுதுவிட்டுக் கம்பளிக்குள் புகுந்துகொண்டார். எங்கள் ஹனஃபி மத்ஹபில் அரஃபாவிலும் முஸ்தலிஃபாவிலும் அன்றி அவ்வாறு சேர்ப்பதில்லை. எனவே நான் மட்டும் இஷாவுக்காக இன்னொரு முறை அந்தத் தொட்டிக்குப் போனேன். கீழக்கரைச் சம்பந்தத்தின் அருமையை அன்றுதான் உணர்ந்தேன் என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன்.

இரவு உணவுக்குப் பின் பெரியவரின் மனைவி ஓர் இரும்புச் சட்டி நிறையக் கரிக்கங்கு கொண்டுவந்து வைத்துப் போனார். அதைச் சுற்றி உட்கார்ந்தோம். ஜமாதுல் ஆகிர் மாதக் கடைசியாதலால் நிலவில்லை. விண்மீன்கள் அத்தனை நெருக்கமாக இருந்ததை என் சிறுவயதுக்குப் பின் நான் பார்த்ததில்லை. கார்த்திகைக் கூட்டத்தைக் காட்டி, இதற்கு அரபியில் துரையா என்று பெயர் என்றேன். அதன் பின்னால் சிவந்து தெரிவது ரோகிணி. அரபியில் தபரான், பின்தொடர்வது என்று பொருள். ஐரோப்பியரும் அந்தப் பெயரையே எடுத்துக்கொண்டு அல்டபரான் என்கிறார்கள். அருகில் அதைவிடப் பளிச்சென்று நின்றது வியாழன் என்று மகள் சொன்னாள். அது எனக்குத் தெரியாது. துருவமீனைத் தேடினோம், கிடைக்கவில்லை. நாம் வாழும் இந்த அட்சரேகையில் அது வடவானின் அடியிலிருந்து பத்து பாகை உயரத்தில்தான் நிற்கும். மலைமுகடு அதை மறைத்துவிட்டது.

சங்கப் புலவர்கள் மலைக்குரிய திணையைக் குறிஞ்சி என்று பெயரிட்டு, அதற்கு முன்பனிக் காலத்தையும் நள்ளிரவையும் ஏன் வைத்தார்கள் என்று பாடநூலில் படித்ததுண்டு. அங்கே உட்கார்ந்திருந்தபோது யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. குறிஞ்சி இந்த மலையில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூப்பது. 2018இல் பூத்தது, இனி 2030. அப்போது மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது ஆகியிருக்கும். வருவோமா என்று கேட்டாள். இன்ஷா அல்லாஹ் என்றேன்.

பேரப்பிள்ளைகள் இருவரும் எங்களோடுதான் படுப்போம் என்று பிடிவாதம் பிடித்ததால், ஒரு கூடாரத்தில் நாங்கள் நால்வரும், மற்றதில் மகளும் மருமகனும். நள்ளிரவுக்கு மேல் இளையவன் முனகும் ஒலி கேட்டு விழித்தேன். கம்பளியை உதைத்துத் தள்ளியிருந்தான். கால்கள் பனிக்கட்டி போலிருந்தன. போர்த்தினேன், மீண்டும் உதைத்தான். எங்கள் மூச்சே கூடாரத் துணியில் நீராகி நெற்றியில் சொட்டிற்று. குழந்தைக்குச் சளி பிடித்துவிடும் என்ற கவலை ஒருபுறம். நான் அன்றே சொன்னேனே என்ற நினைப்பு மறுபுறம்.

மெல்ல வெளியே வந்தேன். இரும்புச் சட்டியில் சாம்பலுக்கு அடியில் கங்கு இன்னும் சிவந்திருந்தது. புகை சிறிதும் இல்லை. புகை இருந்தால் குழந்தைகளுக்கு ஆகாது. இல்லாததால் நல்லதாயிற்று என்று எண்ணிக்கொண்டேன். பக்கத்தில் கிடந்த கரித்துண்டுகள் சிலவற்றையும் போட்டு ஊதி, சட்டியைத் துண்டால் பிடித்துத் தூக்கிவந்து கூடாரத்தினுள் கால்மாட்டில் ஒரு கல்லின்மேல் வைத்தேன். துணியில் படாதபடி கவனமாகத்தான் வைத்தேன். பிறகு வெப்பம் வெளியேறாதிருக்க ஜிப்பை அடிவரை இழுத்து மூடினேன். சற்று நேரத்தில் இதமான சூடு பரவிற்று. இளையவன் முனகலை நிறுத்தினான். நான் மனநிறைவோடு தலை சாய்த்தேன்.

பத்து நிமிடம் இருக்கலாம். வெளியே ஓடிவரும் காலடியோசை. ஜிப் கிழிந்தாற்போலத் திறந்தது. மகள் உள்ளே பாய்ந்து, வெறுங்கையால் அந்தச் சட்டியைப் பற்றி வெளியே வீசினாள். கங்குகள் சரிவில் உருண்டு சிதறின. "என்ன காரியம் செஞ்சீங்க? பிள்ளைகளைக் கொல்லப் பார்த்தீங்களா?" என்று கத்தினாள். முப்பத்திரண்டு ஆண்டுகளில் அவள் என்முன் குரலுயர்த்தி நான் கேட்டதில்லை. மருமகன் ஓடிவந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டார். அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருந்தது என் மானத்தைக் காப்பதற்காக என்பது புரிந்தபோது இன்னும் கூசிற்று. "அத்தாவை அப்படிப் பேசாதே" என்றாள் என் மனைவி. மகள் அதைக் காதில் வாங்கவில்லை. இருவரையும் எழுப்பி நிற்கவைத்து, தலை வலிக்கிறதா, குமட்டுகிறதா, இது எத்தனை விரல் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தூக்கம் கலைந்த எரிச்சலில் இளையவன் எல்லாக் கேள்விக்கும் "இல்லை" என்றான்.

அல்லாஹ்வின் கிருபையால் யாருக்கும் ஒன்றும் நேரவில்லை. பிள்ளைகளை அவர்கள் கூடாரத்துக்கு அழைத்துச் சென்றார்கள். மனைவியும் உடன் போனாள். நான் போர்வையைச் சுற்றிக்கொண்டு கொட்டகைத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். யாரும் கூப்பிடவில்லை; கூப்பிட்டிருந்தாலும் போயிருக்கமாட்டேன்.

முதலில் எழுந்தது கோபந்தான், மறைப்பதற்கில்லை. மருமகன் முன்னால் இப்படியா? குழந்தை குளிரில் நடுங்கியபோது இவள் எங்கே போனாள்? கிராமங்களில் கணப்புச் சட்டி வைத்துத் தூங்கியவர்கள் எல்லாரும் செத்தா போனார்கள்? இப்படியே ஒரு மணி நேரம் என்னை நானே நியாயப்படுத்திக்கொண்டிருந்தேன். மேற்கே துரையா சரிந்து மலைமுகட்டுக்குள் மறைந்தது. பின்னால் தபரான் இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்த நபிமொழி நினைவுக்கு வந்தது. உறங்கப் போகும்போது வீட்டில் நெருப்பை எரியவிடக்கூடாது என்னும் கருத்துடையது. புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. ஆண்டுதோறும் நான் பாடம் நடத்தும் நபிமொழி. வேறொரு நபிமொழியில் எலி விளக்குத் திரியை இழுத்துச் சென்று வீட்டையே எரித்துவிடும் என்று வருவதையும் சேர்த்துச் சொல்வேன். அக்காலத்து விளக்கு, அக்காலத்து ஓலைக்கூரை, எலி. அத்தோடு விளக்கம் முடிந்துவிடும். அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். இக்காலத்தில் மின்விளக்கு இருக்கிறதே என்று எந்த மாணவனாவது கேட்டால், அது அன்றைய நிலைமையைக் குறித்தது என்று விடை சொன்னதும் உண்டு. எத்தனை மாணவர்களுக்கு அப்படிச் சொல்லியிருப்பேன் என்று எண்ணத் தொடங்கி, நிறுத்திவிட்டேன்.

சுபுஹுக்குச் சற்று முன்னால் மகள் ஒரு செம்பில் வெந்நீர் கொண்டுவந்தாள். இடக்கையால் கொண்டுவந்தாள். வலக்கை விரல்களில் ஈரத்துணி சுற்றியிருந்தது.

"காட்டு" என்றேன். துணியை விலக்கினாள். நான்கு விரல்களிலும் கொப்புளம்.

சற்று நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு அவள், "சத்தம் போட்டது தப்பு, அத்தா" என்றாள்.

"தப்பில்லை. அந்தப் புகையில்லாத கரி என்ன செய்யும், எனக்குச் சொல்" என்றேன்.

தன் வகுப்பில் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னாள். கரி எரிய உயிர்வளி வேண்டும். மூடிய இடத்தில் அது குறையக் குறைய, கார்பன் மோனாக்சைடு என்ற வாயு மிகுதியாக வெளிப்படும். நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தில் உயிர்வளியைச் சுமக்கும் பொருளோடு, உயிர்வளியைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலிமையாக அது ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, மயக்கம், பிறகு தூக்கம். ஏற்கனவே தூங்குகிறவனுக்கு அந்த முதலிரண்டும் தெரியாது. மூச்சு வேகமாக வாங்குவதால் சிறு குழந்தைகள் முதலில் பாதிக்கப்படுவார்கள். புகை இருந்தாலாவது இருமி விழித்துக்கொள்வோம். கங்கில் அதுவும் இல்லை. இக்கூடாரத் துணி நீர்புகாதது, காற்றும் எளிதில் புகாதது. மலையூர் விடுதிகளில் அறைக்குள் கரியடுப்பை வைத்துப் படுத்தவர்கள் காலையில் எழாமற்போன செய்தி நாளிதழ்களில் வருவதுண்டு என்றாள். நானும் படித்திருக்கிறேன். குளிரால் இறந்தார்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"இளையவன் குளிரில் நடுங்கினான்" என்றேன்.

"தெரியும், அத்தா. கூடுதல் கம்பளியை வண்டியிலேயே விட்டது என் தப்பு. துணியில செவப்பா வெளிச்சம் தெரிஞ்சுதா, அப்புறம் எனக்கு ஒண்ணும் ஓடலை."

நபிமொழியைப் பற்றிச் சொன்னேன். என் விளக்கத்தையும் சொன்னேன். அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. "எனக்கும் நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க. எலி திரியை இழுத்துட்டுப் போகும்னு. ரெண்டு ராத்திரி எலியை நினைச்சே நான் தூங்கலை" என்றாள்.

அந்த வேளையில் 2005ஆம் ஆண்டுத் தாளைப் பற்றியும் சொல்லிவிட்டேன். பணம் இல்லாததையும், பேருந்தை நினைத்துப் பயந்ததையும் சொன்னேன். மார்க்கம் அதில் வரவில்லை என்றேன். அவள் நெடுநேரம் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பணம் இல்லைன்னு அம்மா அப்பவே சொன்னாங்க" என்றாள். பிறகு, "பயந்தீங்கன்னு தெரியாது" என்றாள். வெந்நீர் ஆறிவிடும், ஒளுச் செய்யுங்கள் என்று சொல்லி எழுந்து போனாள்.

காலையில் வயல்மீது வெண்பனி படிந்திருந்தது. பிள்ளைகள் அதைக் கையால் வழித்து விளையாடினார்கள். இரவு நடந்த எதுவும் அவர்களுக்கு நினைவில்லை. அல்லது மூத்தவளுக்கு இருந்திருக்கலாம். என் கையைவிட்டு அவள் அகலவில்லை. பெரியவரின் மனைவி வீசியெறிந்த சட்டியைத் தேடியெடுத்து, மகளின் விரல்களைப் பார்த்து, கற்றாழை மடல் ஒன்றை வெட்டி வந்தார். கூடாரங்களைப் பிரித்து மடித்தோம். சாய்த்து அடித்த முளைகளைப் பிடுங்குவதற்கு உண்மையிலேயே பாடுபட வேண்டியிருந்தது. எண்ணிப் பார்த்ததில் பதினைந்துதான் தேறின. ஈரமண்ணில் எங்கோ புதைந்திருக்கும் என்று தேடிவிட்டுக் கிளம்பினோம். கொடைக்கானலில் மருத்துவரிடம் விரல்களைக் காட்டி மருந்திட்டுக்கொண்ட பிறகு மலையிறங்கினோம்.

வத்தலக்குண்டில் தேநீர் குடிக்க நிறுத்தியபோது, இளையவன் தன் குல்லாய்ச் சட்டையின் பையிலிருந்து அந்தப் பதினாறாவது முளையை எடுத்து, "வதது" என்று சொல்லி என்னிடம் நீட்டினான். மண் இன்னும் ஒட்டியிருந்தது. அது என் அலமாரியில் யாப்பு நூல்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு மேகமலையா, கொல்லிமலையா என்று மகளும் மருமகனும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். போகுமுன் நினைவாக எடுத்துக் கொடுக்க வேண்டும். அது இல்லாமல் ஒரு கயிறு தொங்கும்.